காந்தியும் இரண்டு வேலை ஒப்பந்தங்களும்: கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பளத்தைப் பார்க்கிறோம், கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வேலையை விட்டால் என்ன ஆகும் என்று சொல்லும் பக்கத்தைப் பலரும் புரட்டுவதே இல்லை. அந்தப் பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு காந்தியின் தென்னாப்பிரிக்க வாழ்க்கையே சாட்சி.

காந்தியின் ஒப்பந்தம்

1869-ல் போர்பந்தரில் பிறந்த காந்தி, லண்டனில் பாரிஸ்டராகி 1891-ல் ஊர் திரும்பினார். பம்பாயில் தொழில் எடுபடவில்லை. அப்போது தாதா அப்துல்லா நிறுவனம் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தது. ஒரு வருடத்துக்கு மிகாத வேலை, 105 பவுண்டு சம்பளம், போக வர முதல் வகுப்புக் கப்பல் டிக்கெட், அங்கே தங்கும் செலவு. எல்லாம் தெளிவாக இருந்தது. 1893-ல் டர்பனில் இறங்கினார்.

பாலசுந்தரத்தின் ஒப்பந்தம்

அங்கேயே வக்கீல் தொழில் தொடங்கிய சில மாதங்களில், பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி அவரைத் தேடி வந்தார். கிழிந்த உடை, உடைந்த முன்பற்கள், வாயில் ரத்தம். அடித்தது முதலாளி. காந்தியின் குமாஸ்தா தமிழர் என்பதால் நடந்தது புரிந்தது.

வேலையை விட்டுவிட வேண்டியதுதானே? முடியாது. சாதாரண வேலையாள் சொல்லாமல் நின்றால் அது சிவில் வழக்கு. ஒப்பந்தக் கூலி நின்றால் கிரிமினல் குற்றம், ஜெயில்தான்.

காந்தி முதலில் டாக்டரிடம் அனுப்பி, காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். அடுத்து மாஜிஸ்திரேட், முதலாளிக்கு சம்மன் போனது. ஆனால், காந்திக்கு வேண்டியது பாலசுந்தரத்தின் விடுதலை. ஒப்பந்தத்தை வேறு ஒருவருக்கு மாற்ற முதலாளியைச் சம்மதிக்க வைத்தார். புதிய முதலாளியையும் அவரே தேடிப் பிடித்தார்.

செய்தி பரவியது. கூலித் தொழிலாளர்கள் காந்தியைத் தேடி வரத் தொடங்கினர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்கியவர்கள் மீது நேட்டால் அரசு விதித்த 3 பவுண்டு வரி, 1913 போராட்டத்துக்குப் பின் 1914-ல் ரத்தானது. அதே ஆண்டு காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பினார். 1948-ல் கொல்லப்படும் வரை அவர் வாழ்ந்த பொதுவாழ்க்கைக்கு டர்பன்தான் தொடக்கம்.

நமக்கு என்ன?

தனியார் வேலையை விட்டதற்காக மட்டும் இன்று யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. ஆனால், பாண்டு தொகை, நோட்டீஸ் காலம் இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். ஒரிஜினல் சான்றிதழைத் தர மறுத்தாலோ, சம்பளத்தை நிறுத்தினாலோ, மிரட்டினாலோ தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள். மெயில், மெசேஜ், பே ஸ்லிப்பை முதலில் பத்திரப்படுத்துங்கள். பாலசுந்தரத்துக்கு டாக்டர் சான்றிதழ் போல உங்களுக்கு அவைதான் ஆதாரம். இலவச சட்ட உதவிக்கு 15100.