செவி மங்கியும் மங்காத கலை

திரையில் ஒரு காட்சி சில நொடிகளில் கடந்துவிடுகிறது. அது நெஞ்சில் நிலைக்க வேண்டுமெனில் நெடிய உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பையே தம் இயல்பாகக் கொண்டவர் ஹாலிவுட் இயக்குநர் வில்லியம் வைலர்.

வைலர் 1902ஆம் ஆண்டு முல்ஹவுஸ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அன்று ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அந்நகர், முதல் உலகப்போருக்குப் பின் பிரான்சுடன் இணைந்தது. தாயின் உறவினரும் யுனிவர்சல் நிறுவனத் தலைவருமான கார்ல் லேம்லியின் உதவியால் வைலர் அமெரிக்கா சென்றார். எடுபிடி வேலைகளில் தொடங்கி, 1925இல் சிறு படங்களை இயக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

மனம் நிறைவடையும்வரை ஒரே காட்சியை மீண்டும் மீண்டும் எடுப்பது அவர் வழக்கம். நடிகர்கள் சலிப்புற்றனர், ஆயினும், அவர் படங்களில் நடித்த பலர் ஆஸ்கர் விருது பெற்றனர். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டுடன் இணைந்து, அண்மையில் இருப்பவரும் தொலைவில் இருப்பவரும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும் காட்சிகளை அமைத்தார். எவரைக் காண்பது என்பதைப் பார்வையாளரே தேர்ந்துகொள்ள இம்முறை இடமளித்தது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வான்படையில் சேர்ந்தார். ‘மிஸஸ் மினிவர்’ படத்திற்காக அவருக்கு முதல் ஆஸ்கர் விருது அறிவிக்கப்பட்டபோது அவர் போர்ப்பணியில் இருந்தார். மனைவியே அதனைப் பெற்றுக்கொண்டார். குண்டுவீச்சு விமானங்களில் பறந்து ‘மெம்பிஸ் பெல்’ என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினார். 1945இல் இத்தாலியின் வானில் படம்பிடித்தபோது, விமானத்தின் பேரிரைச்சல் அவர் செவித்திறனைப் பறித்தது. ஒரு காது முற்றிலும் செயலிழந்தது. மற்றொன்றில் சிறிதளவே கேட்டது. உரையாடலின் நுட்பத்தைச் செவியால் அளக்கும் இயக்குநருக்கு இதனினும் பெரிய இழப்பு வேறில்லை.

எனினும் அவர் ஒதுங்கவில்லை. ஒலிபெருக்கும் கருவியைச் செவியில் பொருத்திக்கொண்டு படப்பிடிப்புத் தளத்தில் அமர்ந்தார். போர்முடிந்து வீடு திரும்பும் வீரர்களின் துயரைக் கூறும் ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 1946இல் வெளிவந்தது. படைப்பயிற்சியில் இரு கைகளையும் இழந்த ஹெரால்டு ரசல் என்பவரையே அதில் நடிக்கவைத்தார். நடிப்புப் பயிற்சி அவருடைய இயல்பைக் கெடுக்கும் எனக் கருதி அதனைத் தடுத்தார். ரசலும் வைலரும் ஆஸ்கர் விருது பெற்றனர். உடற்குறையை மறைக்காமலும் இரக்கத்திற்குரியதாக்காமலும் காட்டியது அப்படம்.

பின்னர் ‘ரோமன் ஹாலிடே’ (1953) ஆட்ரி ஹெப்பர்னைப் புகழேணியில் ஏற்றியது. ‘பென்ஹர்’ (1959) பதினொரு ஆஸ்கர் விருதுகளை வென்றது. அதே கதை மௌனப்படமானபோது, அதன் தேர்ப்பந்தயக் காட்சியில் உதவியாளர் பலருள் ஒருவராக நின்றவர் வைலர்!

1981இல் அவர் மறைந்தார். தம் இழப்பைப் பிறர் துயரை உணரும் வாயிலாக மாற்றிக்கொண்ட அவர் கலை, இன்றும் திரையில் பேசுகிறது.