மாத்தயா: ஒற்றன் என்ற தீர்ப்பு

எதிரியின் இயக்கத்தினுள் ஊடுருவி, தலைவனின் வலதுகையாக உயர்ந்து, இறுதியில் முகமூடி கழன்று மாட்டிக்கொள்ளும் ஒற்றனின் கதையைத் திரைப்படங்களில் நாம் பலமுறை பார்த்திருக்கின்றோம். அத்தகைய கதைகளில் கடைசிக் காட்சிக்குள் உண்மை வெளிப்பட்டுவிடும். வன்னியின் தளபதியாக விளங்கிய ஒருவரின் வரலாற்றிலோ அவர் கொல்லப்பட்டு முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அந்தக் கடைசிக் காட்சி வந்து சேரவில்லை.

கோபாலசாமி மகேந்திரராஜா வடமராட்சியின் பருத்தித்துறையைச் சேர்ந்தவர். எழுபதுகளின் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இணைந்த அவருக்கு மாத்தயா என்னும் பெயர் நிலைத்தது. சிங்களத்தில் ஐயா என்று பொருள்படும் சொல்லொன்று தமிழ்ப் போராளி ஒருவருக்குப் பெயராயமைந்தது விந்தையே. எண்பதுகளில் வன்னிப் பிராந்தியத்தின் பொறுப்பு அவரிடம் இருந்தது. இந்திய அமைதி காக்கும் படையுடனான போர் முல்லைத்தீவுக் காடுகளுக்குள் நகர்ந்தபோது, பிரபாகரனுக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டவர் அவரே.

அவரைச் சூழ்ந்த ஐயம் அப்போதே முளைவிட்டது எனலாம். 1989 ஜூலையில், பிரபாகரனை மாத்தயா கொன்றுவிட்டார் என்ற செய்தி இந்தியப் பத்திரிகையில் வெளியாகிப் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. செய்தி பொய்த்தது. ஆயினும் இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் வழக்கம் அதன் பின்னர் மறையவில்லை. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட விடுதலைப் புலிகள் மக்கள் முன்னணியின் தலைமையும் அவருக்கே வழங்கப்பட்டது. பிரேமதாச அரசுடன் பேச்சு நடைபெற்ற காலம் அது.

இங்கு நாம் சற்று நின்று ஒன்றைக் கூறியாக வேண்டும். 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் எழுபதினாயிரத்துக்கும் அதிகமானோர் தமது மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். முல்லைத்தீவில் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வயல் செய்தும் வணிகம் செய்தும் வாழ்ந்த குடும்பங்கள் வெறுங்கையுடன் புத்தளம் வரை சென்றன. அவர்களிடையே உளவாளிகள் இருக்கின்றனர் என்ற சந்தேகமும் அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களுள் ஒன்றாக இருந்தது. ஒரு சமூகம் முழுவதன் மீதும் விழுந்த அந்தச் சந்தேகத்திற்கு விசாரணையும் இல்லை, சாட்சியும் இல்லை. அவ்வேளையில் இயக்கத்தின் பிரதித் தலைவராக இருந்தவர் மாத்தயா.

மூன்றே ஆண்டுகளில் அதே சந்தேகம் அவரிடமே வந்தது. 1993 ஜனவரியில் கேணல் கிட்டு பயணித்த கப்பலை இந்தியக் கடற்படை வழிமறித்தது. 16ஆம் திகதி கிட்டுவும் தோழர்களும் உயிரிழந்தனர். கப்பலின் பயணத்தை இந்தியாவுக்கு அறிவித்தவர் யார் என்ற வினா எழுந்தபோது விரல்கள் மாத்தயாவை நோக்கி நீண்டன. கிட்டுவுக்கும் அவருக்கும் இடையே நெடுநாளாக நிலவிய பகைமையும் அதற்குத் துணை நின்றது. பதவி பறிக்கப்பட்டு, அதே ஆண்டில் தம் ஆதரவாளர்களுடன் அவர் கைது செய்யப்பட்டார். இந்திய உளவு நிறுவனமான றோவுடன் சேர்ந்து பிரபாகரனைக் கொல்லச் சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. ஓராண்டுக்கும் மேலான தடுப்புக்காவலுக்குப் பின், 1994 டிசம்பர் 28ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அடேல் பாலசிங்கம் 2001இல் வெளியிட்ட சுதந்திர வேட்கை என்ற நூல் இச்சதியை இயக்கத்தின் நோக்கில் விவரிக்கின்றது. 2016இல் இந்தியப் பத்திரிகையாளர் நீனா கோபால் எழுதிய நூலும் மாத்தயா றோவின் ஆள் என்றே கூறியது. இரு தரப்பும் ஒரே முடிவைச் சொல்வதால் விடயம் தெளிந்துவிட்டது எனப் பலர் கருதுகின்றனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. துரோகியை வென்றதாகச் சொல்வது ஓர் இயக்கத்திற்கு இலாபம். எதிரியின் உச்சியில் ஆள் வைத்திருந்ததாகச் சொல்வது உளவு உலகத்திற்குப் பெருமை. குற்றஞ்சாட்டப்பட்டவரின் பேச்சு எந்தப் பகிரங்க மன்றிலும் பதிவாகவில்லை.

அவர் ஒற்றனாகவே இருந்திருக்கட்டும். அவருடன் கொல்லப்பட்டோர் இருநூறுக்கும் அதிகம் எனப் பின்னர் வந்த எழுத்துக்கள் கூறுகின்றன. தளபதியின் கட்டளைக்குப் பணிந்ததைத் தவிர வேறொன்றும் அறியாத வாலிபர்கள் அவர்களுள் எத்தனை பேர்?

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற ஊடகவியலாளர் மாநாட்டில், முஸ்லிம்களின் வெளியேற்றத்திற்காகப் புலிகள் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. மாத்தயாவின் விவகாரம் இயக்கம் அழிந்த 2009 வரையில் மீள விசாரிக்கப்படவேயில்லை. அவருடன் மடிந்த வாலிபர்களுக்கு மாவீரர் பட்டியலிலும் இடமில்லை, துயிலும் இல்லங்களிலும் கல்லறை இல்லை.