வெசேலியசும் காலின் நரம்பும்

1514-ம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரிற் பிறந்த வெசேலியஸ், 1536-ல் லூவேன் நகர்ப்புறத்துக் கொலைக்களத்தில் தொங்கிய எலும்புக்கூட்டின் கைகால்களைக் கழற்றி மறைவாய் வீடு கொணர்ந்தார். அகப்பட்டிருப்பின் என்னாவரோ என நாம் அஞ்சுகிறோம். பண்டை மருத்துவரான காலென் விலங்குகளை அறுத்துக் கண்டதை மனிதர்க்கும் ஏற்றிக் கூறினாரெனத் தெளிந்து, 1543-ல், தம் 28-ம் வயதில், உடற்கூற்றுப் பெருநூலை வெளியிட்டார். அவருடைய ஆசிரியர் சில்வியசோ அவரைப் பித்தரென்று இகழ்ந்தார்.

விலங்கும் மனிதனும் இருக்கட்டும். மனிதருள்ளும் ஓருடல் மற்றோருடலை ஒப்பதன்று. கெண்டைக்காலின் பின்புறத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு பெரும்பாலும் இரு கிளைகள் கூடி உண்டாவது. அக்கூடல் சிலர்க்கு முழங்காலருகே, சிலர்க்குக் கணுக்காலருகே, சிலர்க்கோ இல்லவேயில்லை. ஆதலின், பழுதுற்ற வேறொரு நரம்பிற்கு ஒட்டாக அதனை எடுக்கும் இரண வைத்தியர், படத்தை நம்பியிராது ஒவ்வொரு காலிலும் தேடிக் காணவேண்டும்.

வெசேலியஸ் 1564-ல் எருசலேமினின்று மீளும் வழியில் சாக்கிந்தோஸ் தீவில் இறந்தார்.