பேச்சைப் பாட்டாக்கிய பசவப்ப சாஸ்திரி

தசரா நாட்களில் மைசூர் அரண்மனையில் போலீஸ் பேண்டு வாசிக்கும் பழைய சமஸ்தான கீதத்தை நம்மவர்களில் பலர் கேட்டிருப்பார்கள். "காயௌ ஸ்ரீ கௌரி" என்னும் அந்தப் பாட்டை இயற்றியவர் பசவப்ப சாஸ்திரி. பாட்டைத் தெரிந்த அளவுக்கு ஆளைத் தெரியாது.

1843-ல் பிறந்தவர். தந்தை மகாதேவ சாஸ்திரி, மும்மடி கிருஷ்ணராஜ உடையாரின் அரண்மனைப் பண்டிதர். சாஸ்திரியும் அரண்மனை ஆதரவிலேயே வளர்ந்து வடமொழி, கன்னடம் இரண்டிலும் புலமை பெற்றார்.

1881-ல் ஆட்சி ஆங்கிலேயரிடமிருந்து சாமராஜ உடையார் கைக்குத் திரும்பியது. மகாராஜாவுக்கு நாடகத்தில் மிகுந்த பிரியம். மராத்தி, பார்சி கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றி வசூலை அள்ளிய காலம் அது. 1880-ல்தான் பூனாவில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் சாகுந்தலத்தை மராத்தியில் பாட்டு நாடகமாக அரங்கேற்றினார். அவரும் பெல்காம் ஜில்லாக்காரர்! அப்படி இருக்கக் கன்னடத்தில் மேடைக்கு ஏற்ற நாடகம் இல்லையே என்ற குறை மைசூரில் இருந்தது. அதைத் தீர்க்கும் பொறுப்பு சாஸ்திரியிடம் வந்தது.

அவரும் சாகுந்தலத்தையே எடுத்துக் கொண்டார். வேலை லேசானதல்ல. மரத்தின் மறைவில் நின்று துஷ்யந்தன் தனக்குள் சொல்லிக்கொள்வதும், வளர்ப்பு மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும் கண்வ முனிவர் மனம் கனத்துச் சொல்வதும் மூலத்தில் சுலோகங்கள். நாலடியில் அடைத்த பொருளைப் பண்டிதர் பிரித்துச் சொன்னால் ரசிக்கலாம். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அதற்கு நேரம் ஏது? அதே விஷயத்தை வெறும் வசனமாக்கினாலோ, தகப்பனின் துக்கம் சப்பென்று போய்விடும்.

சாஸ்திரி அவற்றைக் கன்னட விருத்தங்களாகவும் கந்தங்களாகவும் வார்த்தார். விருத்தத்துக்குத் தாளக்கட்டு கிடையாது. நடிகர் ராகத்தை இழுத்து, வேண்டிய சொல்லில் நின்று, மறுபடி தொடரலாம். சொல்லும் காதில் விழும், துக்கமும் தங்கும். நம்மூர் ஸ்பெஷல் நாடகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் தமிழ் மேடையில் கையாண்டதும் இதே வழிதான்.

விக்கிரமோர்வசியம், ரத்னாவளி, உத்தரராமசரிதம் என்று வரிசையாகக் கன்னடத்துக்கு வந்தன. மகாராஜா "அபிநவ காளிதாசன்" என்று பட்டம் அளித்தார்.

எல்லாவற்றிலும் துணிச்சலான காரியம் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ. சாஸ்திரிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆங்கிலம் கற்ற சுப்பராவ் என்பவர் பொருளைச் சொல்ல, சாஸ்திரி அதைச் "சூரசேன சரித்திரம்" ஆக்கினார். பாட்டுக்கென்றே பிறந்த வடமொழி நாடகம் ஒன்று. பக்கம் பக்கமாகப் பேசும் வெள்ளைக்கார நாடகம் வேறு. சந்தேகத்தில் வெந்து மனைவியைக் கொல்லும் தளபதியின் கதையை, மூலத்தைப் படிக்க முடியாத ஒருவர் மைசூர் மேடைக்குக் கொண்டுவந்தார் என்பது இன்று நினைத்தாலும் வியப்பு.

1891-ல், ஐம்பது வயதை எட்டுமுன்பே சாஸ்திரி காலமானார். சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் நாடகம் அச்சேறியதும் அதே 1891-ல்தான். தமிழ்நாட்டு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்து அதிலிருந்து எடுத்தது.