கடல் முட்டையின் இரகசியம் கண்ட தியோடர் போவேரி

முட்டம், கடியப்பட்டணம் கடற்கரைப் பாறையிடுக்குகளில் கரிய முள்பந்து போல ஒட்டிக்கொண்டிருக்கும் கடல் முள்ளெலியை நம்மில் பலர் கண்டிருப்போம். காலில் குத்திவிட்டால் நொண்டிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும். இவ்வினத்தின் முட்டைகளைப் பல்லாண்டு ஆராய்ந்து, ஓர் உயிரணு பலவாகப் பெருகும் விந்தையை விளக்கியவர் ஜெர்மானிய விஞ்ஞானி தியோடர் போவேரி. அன்னாரின் வரலாற்றை நாம் இங்கே காண்போம்.

போவேரி 1862 அக்டோபர் 12-ஆம் நாள் பாம்பெர்க் நகரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். மூனிக் பல்கலைக்கழகத்தில் வரலாறும் தத்துவமும் படிக்கத் தொடங்கி, பின்பு உடற்கூற்றியலுக்கு மாறினார். 1893-இல் வூர்ஸ்புர்க்கில் விலங்கியல் பேராசிரியரானார். இவருடைய தம்பி வால்டர்தான் 'பிரௌன் போவேரி' என்னும் மின்னியந்திர நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர்.

கடல் முள்ளெலியின் முட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே இருக்கும். விந்தணு சேரும் வரை அது சும்மா கிடக்கும். சேர்ந்த பின்போ சுமார் ஒரு மணி நேரத்தில் இரண்டாகவும், பிறகு நான்காகவும் எட்டாகவும் பிரியும். இதைத் தொடங்கி வைப்பது எது? விந்தணு தந்தையின் சாயலை மட்டுமன்றி, முட்டையைப் பிரிக்கும் உறுப்பையும் கொண்டுவருகிறது என்றார் போவேரி. 1888-இல் அதற்குச் சென்ட்ரோசோம் என்று பெயரிட்டார். அது இரண்டாகி எதிரெதிர்ப் பக்கம் செல்லும். வடம் இழுக்கும் போட்டியில் இரு அணிகள் நிற்பதுபோல் நின்று குரோமோசோம்களைப் பங்கிடும்.

ஒரே முட்டையில் இரு விந்தணுக்கள் புகுந்தால்? அணிகள் நான்காகிவிடும், குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்படும், கருவும் பெரும்பாலும் பிழைக்காது. இதைக் கொண்டே ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனி வேலை உண்டென்று 1902-இல் அவர் காட்டினார். கெட்டுப்போன முட்டைகளிலிருந்தே இவ்வளவு பெரிய உண்மையை எடுத்தது எங்களுக்கு மிகவும் வியப்பளிக்கிறது. புற்றுநோயும் இத்தகைய தவறான பங்கீட்டால் வரக்கூடும் என்று 1914-இல் ஒரு நூலில் எழுதினார்.

நோய் அவரை விடவில்லை. 1913-இல் பெர்லினில் தேடிவந்த பெரும் பதவியையும் உடல்நலமின்மையால் மறுத்தார். 1915 அக்டோபர் 15 அன்று, ஐம்பத்து மூன்றாம் பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாள், காலமானார்.

முட்டையை விழிக்கச் செய்வது கால்சியம் என்பது பின்னரே, 1970-களில், தெளிவாயிற்று. விந்தணு தொட்ட இடத்திலிருந்து, முட்டைக்குள் சேமிப்பிலிருந்த கால்சியம் அலைபோல் எழுந்து சுமார் அரை நிமிடத்தில் மறுகோடியை அடைகிறது. உடனே மேலுறை உயர்ந்து வேறு விந்தணு புகாதபடி தடுக்கிறது. விந்தணு இன்றிக் கால்சியத்தை மட்டும் எழுப்பினாலும் முட்டை விழித்துக்கொள்ளும். ஆனால் சென்ட்ரோசோம் இல்லாமல் ஒழுங்காகப் பிரிவதில்லை. போவேரி கூறியது நிலைத்துவிட்டது.

அவருடைய துணைவியார் மார்செல்லா ஓ'கிரேடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1885-இல் உயிரியல் பட்டம் பெற்ற முதல் பெண்மணி இவரே. வூர்ஸ்புர்க்கில் பெண்கள் பயில்வது அரிதாயிருந்த 1896-இல் ஆய்வு செய்ய அங்கு வந்தார். மறு ஆண்டே போவேரியை மணந்து, அவருடைய ஆய்வுகளிலும் துணை நின்றார். கணவர் மறைந்தபின் தாயகம் திரும்பி, டொமினிக்கன் சபைக் கன்னியர் நியூ ஹேவனில் பெண்களுக்கென நடத்திய ஆல்பெர்ட்டஸ் மாக்னஸ் கல்லூரியில் 1927 முதல் அறிவியல் கற்பித்தார். போவேரியின் புற்றுநோய் நூலை 1929-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவரும் அவரே.