கையை வெட்ட வேண்டாம் என்ற ரமணர்: கடைசி 14 மாதங்கள்

அருப்புக்கோட்டையில பஸ் ஏறி திருச்சுழி போயிருக்கீங்களா? வழியெல்லாம் வெயில், கரிசல் காடு, சீமைக்கருவேலம். அந்தத் திருச்சுழியில்தான் 1879 டிசம்பர் 30-ம் தேதி வேங்கடராமன் பிறந்தார். நமக்கு அவர் ரமண மகரிஷி. சாமியார் கதைதானேன்னு ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க. தன் மரணத்தை எப்படி எதிர்கொள்வதுன்னு தானே முடிவு பண்ணின ஒருத்தரின் கதை இது.

அப்பா சுந்தரம் ஐயர் 1892-ல் இறந்தப்போ பையனுக்கு 12 வயசு. மதுரையில் சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். 1896 ஜூலையில், உடம்புக்கு எதுவுமே இல்லாதப்போ, சாகப்போறோம்ங்கிற பயம் திடீர்னு பிடிச்சது. யாரையும் கூப்பிடலை. பிணம் மாதிரி படுத்து, சாவுன்னா என்னன்னு தனக்குள்ளேயே பார்த்தார். பயம் போயிடுச்சு. செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தவர், அப்புறம் அந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை.

1922 மே 19-ல் அம்மா அழகம்மாள் இறந்தப்போ, மணிக்கணக்கா பக்கத்துலயே இருந்தார். ஒரு கை அம்மாவின் நெஞ்சில், இன்னொரு கை தலையில்.

அடுத்து அவர் முறை. 1949 பிப்ரவரியில் இடது முழங்கை கிட்ட சின்னக் கட்டி. எடுத்தாங்க, திரும்ப வந்தது. சார்கோமா, அதாவது புற்றுநோய். கையையே எடுத்துடலாம்னு டாக்டர்கள் சொன்னாங்க. அவர் சம்மதிக்கலை. ஆனா, சிகிச்சையே வேண்டாம்னும் சொல்லலை. ரேடியம், நாட்டு வைத்தியம், மொத்தம் நாலு ஆபரேஷன்னு பக்தர்கள் ஆசைப்பட்டதுக்கெல்லாம் உடன்பட்டார். 1950 ஏப்ரல் 14, கடைசி மாலை. டாக்டர் ஆக்ஸிஜன் கொடுக்க வந்தப்போ, கையசைத்து வேண்டாம்னுட்டார். இரவு 8.47-க்கு மூச்சு நின்றது.

இப்போ அதே விருதுநகர் மாவட்டத்தின் இன்னொரு முகத்தைப் பாருங்க. படுக்கையில் விழுந்த முதியவர்களை எண்ணெய்க் குளியல் மூலம் சாகவைக்கும் 'தலைக்கூத்தல்' வழக்கம் பற்றி 2010-ல் பத்திரிகைகள் விசாரிச்சு எழுதின. சிலர் அதைக் கருணைன்னு சொன்னாங்க. ஆனா, படுத்திருக்கிறவர்கிட்ட யார் கேட்டாங்க? ரமணர் விஷயத்துல முடிவு நோயாளியோடது. தலைக்கூத்தல்ல முடிவு சுத்தி நிக்கிறவங்களோடது. சட்டத்தின் கண்ணில் அது கொலை.

ஊசி போட்டு உயிரை முடிக்க இந்தியாவில் இன்னிக்கும் அனுமதி இல்லை. ஆனா, மீளவே முடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம்னு முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை, 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் அங்கீகரிச்சது.

உங்க வீட்டில் தாத்தா, பாட்டி இருக்காங்களா? இந்த வாரம் பக்கத்துல உட்கார்ந்து, அவங்களுக்கு என்ன வேணும்னு ஒரு தடவை கேளுங்க. அவங்க சொல்றதை வீட்டில் எல்லாருக்கும் தெரியப்படுத்துங்க. அவங்களால பேச முடியாத நாள் வந்தா, அந்தப் பதில்தான் உங்களுக்கு வழிகாட்டும்.