ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட ஓர் எண்

கணித மேதை ராமானுஜன் என்றதும் பலருக்கு 1729 என்ற டாக்சி எண்தான் நினைவுக்கு வரும். ஆனால் அவருக்குப் பட்டம் வாங்கித் தந்தவை வேறு எண்கள்.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தவர், வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை ஜவுளிக் கடையில் கணக்கு எழுதியவர். கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் மனம் செல்லாததால் கல்லூரி உதவித்தொகை பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. நம் தோட்டங்களில் கிராணி என்போமே, ஏறக்குறைய அதுதான். அங்கிருந்தபடி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-இல் கப்பலேறினார்.

மறு ஆண்டே அவருடைய பெரிய கட்டுரை ஒன்று லண்டனில் அச்சானது. அதன் பொருள் எளிது. 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 6, 12 என ஆறு எண்களால் அது மிச்சமின்றி வகுபடும். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இப்படித் தனக்குக் கீழுள்ள எல்லாவற்றையும் மிஞ்சும் எண்களைத் தேடி, 102 எண்களைப் பட்டியலிட்டார். கணினி இல்லாத காலம் அது.

பட்டியலின் கடைசி எண் 6,746,328,388,800. அதற்கு 10,080 வகுத்திகள். அதைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. பகா எண் பெரிதாகப் பெரிதாக அது வரும் தடவை கூடுவதே இல்லை. கடைசிப் பகா எண் ஒரே தடவைதான் வரும், 4-உம் 36-உம் மட்டும் விலக்கு. இவற்றையும் ராமானுஜனே நிறுவிக் காட்டினார்.

ஆனால் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுவிட்டது: 293,318,625,600. அதற்கு 5,040 வகுத்திகள். அதை 23-ஆல் பெருக்கினால் கடைசி எண்ணே வந்துவிடும். கைப்பேசியில் பெருக்கிப் பாருங்கள், அத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறது! எனக்கு இந்தப் பிழை பிடித்திருக்கிறது. எல்லாம் நாமகிரித் தாயார் கனவில் சொன்னது என்றே கேட்டு வளர்ந்தோம். ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் போட்ட கணக்கு இது என்பதற்கு அந்த விடுபட்ட எண் சாட்சி.

இந்தக் கட்டுரைக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வுவழி பி.ஏ. பட்டம் வழங்கியது. ஊரில் எட்டாத பட்டம். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். அதற்குள் உடல் நலிந்துவிட்டது. 1919-இல் ஊர் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் காலமானார். வயது 32.

கட்டுரை அச்சான நேரத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. செலவைக் குறைக்க, எழுதியதில் ஒரு பகுதியை ராமானுஜன் நிறுத்தி வைத்தார். சிலேட்டில் எழுதியபோதும் காகிதம்தான் பிரச்சினை, கேம்பிரிட்ஜிலும் அதேதான். அந்தப் பக்கங்கள் ஆய்விதழில் அச்சேற 1997 ஆனது.